மணிக்கூண்டு காபி ஹவுஸ் சுவரில் எங்கள் சேர்மன்

பிப்ரவரி 3, செவ்வாய்

வண்டி கழுவியாயிற்று. டிரிப் ஷீட்டில் புறப்பட்ட நேரம், போன இடம், ஓடிய கிலோமீட்டர் எழுத மட்டும்தான் கட்டம் போட்டிருக்கிறார்கள். மிச்சத்தை எங்கே எழுதுவது? உரக்கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த இந்த டைரியில்தான். பத்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான். ஒரே வருஷத்தில் முடித்தவர்களைவிட எனக்கு இரண்டு மடங்கு தெரிந்திருக்க வேண்டும். ஏனோ அப்படி நடக்கவில்லை.

நகராட்சி சேர்மன் பொன்னுரங்கம் ஐயாவுக்கு ஒன்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். டிரைவர் வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். இன்று மீட்டிங் பதினொன்றுக்கு ஆரம்பித்தது. வழக்கம்போல எதிரே மணிக்கூண்டு காபி ஹவுஸில் போய் உட்கார்ந்தேன். அங்கே நம் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. வீட்டில் நான் வாயைத் திறந்தால் கோமதி மிக்சியைப் போடுவாள்.

போன வாரம் ஆற்றுத் தண்ணீர் கேட்டு ஐயா உண்ணாவிரதம் இருந்த கதையைச் சொன்னேன். மதியம் ஒரு மணிக்கு, "கால் மரத்துப் போச்சு, செத்த நடந்துட்டு வர்றேன்" என்று மேடையை விட்டு இறங்கி வண்டிக்கு வந்தார். பி.ஏ. சிவப்பிரகாஷ் திரையை இழுத்துவிட்டான். சமையல்கார ராஜாமணியக்கா கட்டிக்கொடுத்த கேரியரைத் திறந்தார்கள். கொள்ளுப் பருப்பில் ஆரம்பித்து தயிரில் முடிக்கும்வரை நான் பஸ் ஸ்டாண்டை ஏழு சுற்றுச் சுற்றினேன். அதுவும் ரசம் சிந்தாமல். கடையே சிரித்தது. கல்லாவில் இருக்கும் தமயந்தி அம்மணி மட்டும் எப்போதும்போலக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டே, "கேரியர் எத்தனை அடுக்குங்ணா?" என்றார்.

"நாலுங்க அம்மணி."

நான் சொல்வதை முழுசாகக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

நல்ல நாள். நகராட்சி ஆபீசில் கம்ப்யூட்டர் பதிவுக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்களாம். ஐயா பின்சீட்டிலிருந்து, "சென்னி, உன்ற புள்ளை பேரைக் குடுத்திருக்கறேன். ஒண்ணாந்தேதி ஆர்டர் வந்துரும்" என்றார். மோனிஷா பி.காம். முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டில் போய்ச் சொன்னேன். கோமதி ஓடிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தினாள். கல்யாணம் ஆனதிலிருந்து இது இரண்டாவது தடவை.

மோனிஷா, "உண்மையாலுமேவாப்பா?" என்று நாலு தடவை கேட்டாள். பிறகு இருக்கிற சுடிதாரில் எது ஆபீசுக்கு ஆகும் என்று எடுத்துப் பார்க்கப் போய்விட்டாள்.

காபி ஹவுஸ் மாடியில் அரசியல் கார்ட்டூன் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். தமயந்தி அம்மணியின் அண்ணன் வாசலில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 9, திங்கள்

சிவப்பிரகாஷ் மூச்சிரைக்க வந்து ஐயா காதில் ஏதோ சொன்னான். ஐயாவின் முகம் சுண்டிப்போனது. என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் காபிக் கடையில என்னைய படம் போட்டு மாட்டியிருக்கறானுகளாமா. நீ போயிப் பாரு. யாரு வரைஞ்சது, யாரெல்லாம் வந்து பார்க்கறாங்க, எல்லாம் எனக்குத் தெரியோணும். நீ யாருன்னு காட்டிக்காத."

சரிங்கய்யா என்று கிளம்பினேன். சும்மா போனால் சந்தேகம் வரும் என்று மோனிஷாவையும் கூட்டிக்கொண்டேன்.

மாடி ஹாலில் கொடிக்கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் இருபது படம் தொங்கியது. டெல்லி, சென்னை, பெட்ரோல், வெங்காயம் என்று பொதுவாக நிறைய. ஜன்னல் பக்கம் ஒரு படத்துக்கு முன்னால் மட்டும் கூட்டம். மேடையில் ஒரு குண்டு ஆள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், பேனரில் உண்ணாவிரதம் என்று இருக்கிறது. மேடைக்கு அடியிலிருந்து ஒரு குழாய் ஏறி அவர் வாய்க்குப் போகிறது. குழாயின் மறுமுனையில் டிபன் கேரியர். பேர் போடவில்லை, ஆனால் அந்த மீசையை இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். வரைந்தவர் பேரும் இல்லை. மூலையில் ஒரு நத்தை மட்டும்.

பக்கத்தில் ஒருவர், "நம்ம சேர்மன்தானுங்களே இது?" என்றார்.

"தெரியலீங்க, நான் வெளியூர்ங்க" என்றேன்.

"சென்னியண்ணா, நீங்கதான அவருக்கு வண்டி ஓட்டறது?" என்றார் இன்னொருவர்.

மோனிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு படத்தை உற்றுப் பார்த்தாள். "நாலு அடுக்குன்னு கூடத் தெரிஞ்சிருக்குப்பா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை. சட்டையில் சட்னி இருந்ததோ என்னவோ.

கீழே இறங்கும் இடத்தில் ஒரு நோட்டு, கருத்து எழுத. எல்லோரும் எழுதினார்கள். எழுதாமல் போனால் கண்ணில் படுவோம் என்று நானும் எழுதினேன்: படங்கள் அருமை. சென்னியப்பன், 14, மாரியம்மன் கோயில் வீதி. செல் நம்பரும் போட்டேன்.

வண்டிக்கு வந்த பிறகுதான் ஒற்றன் விலாசம் எழுதிவைக்க மாட்டான் என்று உறைத்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஐயா சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகப் பேசினார்.

"வண்டிக்குள்ள சாப்பிட்டது மூணு பேருக்குத்தான் தெரியும். கேரியர் கட்டுனவ, திரையை இழுத்தவன், வண்டி ஓட்டுனவன். நீ என்ற ஆளு. அப்ப அவங்க ரெண்டு பேர்ல யாரு? கண்டுபிடி."

ஒன்பது வருஷத்தில் ஸ்டியரிங் தவிர அவர் என்னிடம் ஒப்படைத்த முதல் பொறுப்பு. பெருமையாகத்தான் இருந்தது.

சிவப்பிரகாஷ் மேல்தான் எனக்குச் சந்தேகம். போன் வந்தால் தள்ளிப் போய்ப் பேசுகிறான். இதுவரை கவனித்ததில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சிவப்பிரகாஷைப் பின்தொடர்ந்தேன். மதியம் மூன்று மணிக்குத் திருட்டுமுழி முழித்துக்கொண்டு ஒரு சந்துக்குள் நுழைந்தான். இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்தான். தலை கன்னங்கரேலென்று இருந்தது. டை அடிக்கும் கடை.

முப்பத்தொரு வயசுதான் ஆகிறது, பாவம். அவன் பேரை அடித்தேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்திருக்கிறேன்.

ராஜாமணியக்காவையும் கவனிக்கிறேன். புருஷன் போய், பிள்ளைகுட்டி இல்லாமல், சேர்மன் வீட்டு அவுட்ஹவுசிலேயே பதினெட்டு வருஷமாக இருக்கிறார். தினமும் எனக்குக் காலை டிபன் அவர் கையால்தான். இன்று தோசை வைத்தபோது, "என்னங்க தம்பி, ரெண்டு நாளா என்ற மூஞ்சியவே பார்க்கறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க்கா. சட்னி நல்லா இருக்குதுங்க."

"நீங்க இன்னும் தொட்டுக்கவே இல்லீங்களே."

சந்தேகப்படுவது ஒரு தனி வித்தை. எனக்கு அது வரவில்லை. ஆனால் இப்போது எல்லார் முகத்திலும் ஏதோ ஒளிந்திருப்பதுபோலத் தெரிகிறது. கோமதி பக்கத்து வீட்டம்மாவிடம் பேசினால்கூடக் காது அங்கே போகிறது.

பிப்ரவரி 14, சனி

கண்காட்சியில் இரண்டு படம் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். ஐயா போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

முதல் படம்: நாலு பள்ளிக்கூடம், நாலு குழி, ஒரே வேப்பங்கன்று. நட்டு, போட்டோ எடுத்து, பிடுங்கி, வண்டி டிக்கியில் அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. நடந்ததுதான். கடைசியில் அது ஐயா வீட்டுக் கொல்லைக்கே திரும்பி வந்துவிட்டது. ராஜாமணியக்காதான் தண்ணீர் ஊற்றுகிறார்.

இரண்டாவது படத்தில் நடுவில் நீளமாக ஒரு சட்டம். அதற்குள் ஐயா முகம். கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தடவிக்கொள்கிறார். 'இரங்கல் கூட்டத்துக்குப் புறப்படுகிறார்' என்று எழுதியிருக்கிறது. பார்க்க வந்தவர்கள் அந்தச் சட்டம் டி.வி.யா, ஜன்னலா என்று பேசிக்கொண்டார்கள்.

டி.வி.யும் இல்லை, ஜன்னலும் இல்லை, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடி. ஒன்பது வருஷமாக அதைப் பார்த்துத்தான் நான் வண்டி ஓட்டுகிறேன்.

இன்றைக்கு இவ்வளவு போதும். ஸ்டெப்னிக்குப் பஞ்சர் ஒட்ட வேண்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

கேரியர் கட்டியது ராஜாமணி. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது ராஜாமணி. தைலம் இருப்பது சமையலறை அலமாரியில். மூன்றும் ஒரே கை வழியாகத்தான் போயிருக்கின்றன என்று ஐயா கணக்குப் போட்டுவிட்டார்.

வாசலில் வைத்தே கேட்டார். "யார்ட்ட சொன்ன?"

"நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்லலீங்க."

"அப்ப யாரு சொன்னது? உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு."

ராஜாமணியக்கா அதற்குப் பதில் பேசவில்லை. துணிப்பை இரண்டு, ஒரு தகரப்பெட்டி. பதினெட்டு வருஷத்துக்கு அவ்வளவுதான் சாமான். பக்கத்து ஊரில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாராம்.

ஐயா என் பக்கம் திரும்பி, "என்ன சென்னி, சரிதான?" என்றார்.

நான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நன்றாக அழுக்கு ஏறியிருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலை டிபன் சாப்பிடவில்லை. பசி இல்லை.

பிப்ரவரி 18, புதன்

மூன்று கதையையும் நான் சொன்னது காபி ஹவுஸில்தான். நேராகக் கல்லாவுக்குப் போனேன். தமயந்தி அம்மணி சட்டென்று பேப்பரைத் திருப்பிப் போட்டார். நான் எடுத்துப் பார்த்தேன். பாதி மீசை, ஒரு வேட்டி நுனி, மூலையில் நத்தை. இத்தனை வருஷம் பில்தான் எழுதுகிறார் என்று நினைத்திருந்தேன். இத்தனூண்டு கடையில் அவ்வளவு பில் எங்கிருந்து வரும் என்று நினைக்கத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பை மூன்று வருஷம் படித்திருக்க வேண்டும்.

"ஏனுங்க அம்மணி, இப்படிப் பண்ணிட்டீங்களே."

"உங்க பேரை எங்கியும் போடலீங்களேண்ணா."

"நான் சிரிக்கறதுக்குத்தானுங்க சொன்னேன்."

"நானும் சிரிக்கறதுக்குத்தான் வரைஞ்சனுங்க." பேப்பரை வாங்கிக்கொண்டார். "குழாய்ல தண்ணி வந்து பன்னெண்டு நாளாச்சு. நாங்க லாரித் தண்ணி வாங்கிக் காபி போடறோம். அவரு தண்ணிக்குப் பட்டினி கெடந்தேன்னு பேனர் வெக்கறாரு. நீங்க அதை இங்க வந்து சொல்லிச் சிரிச்சுட்டுப் போயிர்றீங்க. என்னால அப்படிப் போக முடியலீங்ணா."

ராஜாமணியக்கா விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பென்சில் அப்படியே நின்றது. "ஐயோ, அது எனக்குத் தெரியாதுங்ணா" என்றார்.

காபி ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிக்சியைப் போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை.

"ஒண்ணாந்தேதிக்கு இன்னும் பத்து நாளு. அதுவரைக்கும் அந்த வாயை மூடிட்டு இருங்க. புள்ளைக்கு ஆர்டர் வரட்டும். அதுக்கப்புறம் போயி என்னத்தையோ சொல்லுங்க."

"அதுவரைக்கும் ராஜாமணியக்கா?"

"தங்கச்சி வீட்லதான இருக்கறாங்க, ரோட்லயா இருக்கறாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. மோனிஷா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்காகன்னு சொல்லாதீங்கப்பா" என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று கேட்கப் பயமாக இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். வண்டியை ஓரம் கட்டி, பின்னால் திரும்பி, "ஐயா, கடையில பேசுனது நானுங்க. கேரியர், செடி, தைலம் எல்லாமே நான்தானுங்க" என்றேன்.

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தைலம் இல்லாமல்.

"அடேய் சென்னி, இதுக்கெல்லாம் மூளை வேணும்டா! ராஜாமணி தோசைக்கு நன்றி காட்டறயாக்கும்? நீ நல்லவன். வண்டியை எடு."

"இல்லீங்கய்யா, நிசமாலுமே..."

"வண்டியை எடுன்னு சொன்னேன்."

ஒரு மனுஷன் யோக்கியமாகக் குற்றத்தை ஒத்துக்கொண்டால்கூட அதற்கும் தகுதி இல்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? பேசாமல் இருந்துவிடலாம், நான்தான் சொல்லியாகிவிட்டதே என்று பகலெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒண்ணாந்தேதி ஆர்டரும் வந்துவிடும். எல்லாம் பொருந்தித்தான் வருகிறது. அதுதான் உறுத்துகிறது.

பிப்ரவரி 21, சனி

கேரியர் மூன்று பேருக்குத் தெரிந்த விஷயம், அதனால்தான் அடுத்தவர் தலையில் விழுந்தது. இரண்டே பேருக்குத் தெரிந்தது ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்த டைரியில்கூட எழுதியதில்லை.

காலையில் கல்லாவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். "அம்மணி, இன்னிக்குச் சிரிக்கறதுக்குச் சொல்லல. எழுதிக்கோங்க" என்றேன்.

போன வருஷம் மேல்நிலைத் தொட்டி திறப்பு விழா. ஐயா உச்சிக்கு ஏறிப் பூத்தூவிக் கையாட்ட வேண்டும். சிவப்பிரகாஷ் மைக் பக்கம் போய்விட்டான். குடோனுக்குப் பின்னால் நிறுத்திய வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. சீட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. "சென்னி, கீழ இருந்து பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது" என்றார். உயரமும் தொப்பையும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். வண்டிக்குள்ளேயே சட்டையை மாற்றினோம். வெயிலுக்குப் போடுவதுபோலத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நூற்றுப்பன்னிரண்டு படி ஏறினேன். பூத்தூவினேன். கையாட்டினேன். ஊரே கைதட்டியது. எனக்கு இதுவரை கிடைத்த ஒரே கைதட்டல். அத்தனை நேரமும் ஐயா என் காக்கிச் சட்டையோடு பின்சீட்டில் படுத்திருந்தார்.

தமயந்தி அம்மணி எழுதவில்லை. "இதைப் போட்டா உங்க வேலை போயிருமுங்ணா" என்றார்.

"தெரியுமுங்க அம்மணி."

"பாப்பாவுக்கு ஆர்டர்..."

"போடுங்க."

வீட்டுக்கு வந்து மோனிஷாவிடம் மட்டும் சொன்னேன். உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "என்ன சட்டைப்பா அன்னிக்குப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி 23, திங்கள்

ஒன்பது மணியிலிருந்து ஐயாவுக்கு போன் மேல் போன். பத்தரைக்கு, "காபிக் கடைக்கு வுடு" என்றார். அவரே மாடி ஏறினார். நானும் பின்னால் போனேன்.

கூட்டம் விலகி வழிவிட்டது. படத்தில் தொட்டி உச்சியில் ஒருவன் கையாட்டுகிறான். கீழே வண்டிக்குள் ஒருவர் காக்கிச் சட்டையில் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறார். மீசை எது, தொப்பை எது என்று தெளிவாக இருந்தது. ஐயா இரண்டு நிமிஷம் நின்றார். யாரையும் பார்க்காமல் இறங்கினார்.

ரயில்வே கேட் தாண்டியதும், "நிறுத்து" என்றார். நிறுத்தினேன்.

"அப்ப அன்னிக்குச் சொன்னது நிசம்தான்."

"ஆமாங்கய்யா."

"இனி வராத. சாவியைக் குடு."

கொடுத்துவிட்டு இறங்கி நின்றேன். அவர் முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் கை வைத்தார். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மூச்சை விட்டுவிட்டு மறுபடி பின்சீட்டுக்குப் போனார்.

"வூட்ல வுட்டுட்டுப் போயிரு."

நாலு கிலோமீட்டர். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வீட்டுத் தெருவுக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து, "மேல இருந்து பார்க்கறப்ப ஊரு எப்படிடா இருந்துச்சு?" என்றார்.

"எல்லாம் சின்னச் சின்னதா இருந்துச்சுங்கய்யா. ஆத்துல ஒரு கோடாட்டம் கொஞ்சம் தண்ணி தெரிஞ்சுது."

"ம்." கதவைத் திறந்தார். "ராஜாமணியை வரச் சொல்லு. அந்த வேலைக்கு வேற புள்ளை பேரு போகுது. அதுல என்னைய ஒண்ணும் கேக்காத."

கேட்கவில்லை. டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு நடந்து வந்தேன். கோமதி பேசவில்லை, மிக்சியும் ஓடவில்லை. மோனிஷா மட்டும் சோறு போட்டாள். அவள் மதியமே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "தொப்பை சரியா வந்திருக்குப்பா" என்றாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ராஜாமணியக்கா போனை எடுக்கவில்லை. பஸ்ஸில் போனேன். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் என் இடது கால் கிளட்ச்சைத் தேடியது.

தங்கச்சி வீட்டுத் தாழ்வாரத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஐயா வரச் சொன்னதைச் சொன்னேன்.

"பதினெட்டு வருசம் ஆக்கிப் போட்டவளை வாசல்ல வெச்சுக் கேட்டாரு. வேணும்னா அவரு இங்க வந்து கூப்புடட்டும். அப்பவும் நான் யோசிச்சுத்தான் சொல்லுவேன்."

எதிரில் உட்கார்ந்தேன். "அக்கா, எல்லாம் என்னாலதானுங்க" என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்க தம்பி. கேரியர் படம்னு சொன்ன அன்னிக்கே தெரியும்."

"எப்படிங்க்கா?"

"ரசம் சிந்தாம பஸ் ஸ்டாண்டச் சுத்துன கதையை என்கிட்டவே மூணு தடவை சொன்னீங்க. கேரியர் கட்டிக் குடுத்தவகிட்டவே இத்தனை தடவை சொன்னவரு, ஊருக்குள்ள சொல்லாமயா இருப்பீங்க?"

"அப்ப, யாருன்னு ஐயா கேட்டாரில்லீங்க்கா. வாசல்ல வெச்சு. என்ற பேரைச் சொல்லியிருக்கலாமுங்களே?"

வெங்காயத்தோலை ஊதித் தள்ளினார். "ஒண்ணாந்தேதி பாப்பாவுக்கு ஆர்டர் வருதுன்னு அதையும் நீங்கதான் சொல்லியிருந்தீங்க."

ஒரு பிடி வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். மூன்று மணி பஸ் வரும்வரை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.